நாலு கலங்கரை விளக்கம், ஒரே நாள்: வழி சொல்லுங்க

வணக்கம். பெரியம்மா பையன் மதுரையிலிருந்து வர்றான், ஒன்பதாவது படிக்கிறான். மால், பீச் எல்லாம் வேண்டாம், பழைய மெட்ராஸைக் காட்டுங்கண்ணா என்கிறான். எனக்கு ஒரு யோசனை. கலங்கரை விளக்கங்களைப் பிடித்துக்கொண்டே ஊரைச் சுற்றினால் என்ன?

முதல் விளக்கு 1796-ல் ஜார்ஜ் கோட்டைக்குள், இப்போது மியூசியமாக இருக்கும் கட்டடத்தின் மேல் எரிந்தது. அடுத்தது 1844-ல், ஹைகோர்ட் வளாகத்தில் இன்றும் நிற்கும் அந்தக் கல் தூண். பஸ்ஸில் போகும்போது நூறு தடவை பார்த்திருக்கிறேன், ஏதோ நினைவுச் சின்னம் என்றே நினைத்திருந்தேன்! ஹைகோர்ட் கட்டடம் 1892-ல் எழும்பியபின் விளக்கு அதன் உச்சிக் கோபுரத்துக்கு ஏறியது. 1977-ல் மெரினாவுக்கு வந்துவிட்டது. 1914-ல் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு போட்டதைச் சொல்லும் கல்வெட்டும் ஹைகோர்ட் மதில் பக்கம்தான். நம்ம வீடுகளில் கறாரான ஆளை 'எம்டன்' என்று சொல்வோமே, அதே எம்டன். பையனுக்கு இதுவே போதும், துள்ளிக் குதிப்பான்.

சிக்கல் என்னவென்றால், போன மாதம் நான் தனியாகப் போனபோது ஹைகோர்ட் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வழக்கு இல்லாதவர்கள் உள்ளே போக யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? தூணுக்குப் பக்கத்தில் விடுவார்களா, போட்டோ எடுக்கலாமா? மெரினா விளக்கின் மேலே ஏற எந்த நேரத்தில் கூட்டம் குறைவு? சமீபத்தில் போனவர்கள் கொஞ்சம் சொல்லுங்க. அடுத்த வாரம் வந்துவிடுவான்.