ராலே சாப்பர்: 2023 மறுவெளியீட்டின் பாகங்கள் பழைய மார்க் 2-க்குப் பொருந்துமா?

மூன்றுகியர் (கேள்வி):
வணக்கம். வண்டி எழுபதுகளின் ராலே சாப்பர் மார்க் 2 சைக்கிள். ஃப்ரேம், நீள சீட், ஹேண்டில்பார் எல்லாம் நன்றாக இருக்கின்றன. முன் டயர் வெடித்துவிட்டது. மிதிக்கும்போது ஒரு பக்கக் கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) லொடலொடக்கிறது. இரண்டாவது கியரில் திடீரென்று பிடிப்பு விட்டு பெடல் சும்மா சுற்றுகிறது. 2023-இல் ராலே இதே சாப்பரை மறுபடி கொண்டுவந்ததே, அதன் பாகங்களை வாங்கிப் போட்டால் உட்காருமா? இல்லை, ஓட்டுவதற்குப் புதியதையே வாங்கிவிடலாமா?

காட்டர்பின்:
பாகம் வாங்கும் முன் கியரைப் பாருங்கள், அது தேய்மானமாக இருக்க வாய்ப்பு குறைவு. அதில் இருப்பது ஸ்டர்மி ஆர்ச்சர் ஏ.டபிள்யூ. ஹப், அதாவது கியர்களை உள்ளே அடக்கிய பின்சக்கர மையம். 1936-லிருந்து வரும் வடிவமைப்பு. கேபிள் தளர்ந்தால் மூன்றாவது கியர், பாதி இழுத்தால் இரண்டு, முழுக்க இழுத்தால் ஒன்று. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எதிலும் மாட்டாத ஒரு இடம் உண்டு. கேபிள் கொஞ்சம் தொய்ந்தாலும் இரண்டாவது கியர் அந்தக் குழியில் விழும். நீங்கள் சொல்வது அச்சு அசல் அதே அறிகுறி.

லீவரை 2-இல் வையுங்கள். வலது பக்க அச்சு நட்டின் பக்கவாட்டில் சின்ன ஓட்டை இருக்கும், அதன் வழியே உள்ளே பாருங்கள். கேபிள் முனையின் சின்னச் சங்கிலியோடு சேர்ந்த மெல்லிய கம்பியின் தோள்பட்டை போன்ற விளிம்பு, அச்சின் முனையோடு சரிமட்டமாக நிற்க வேண்டும். உள்ளே போயிருந்தால் கேபிள் தொய்வு, அட்ஜஸ்டரைத் திருகி இறுக்குங்கள். வெளியே துருத்தினால் தளர்த்துங்கள். அதற்கு முன் அந்தச் சின்னச் சங்கிலியை முழுதும் திருகி உள்ளே விட்டு, கேபிளோடு நேராக வரும் அளவுக்கு மட்டும், அரைச் சுற்றுக்கு மேல் போகாமல், திருப்பி எடுங்கள். மரை பாதியில் நின்றால் சங்கிலி அறுந்து கம்பி உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

ஹப்பின் மேல் எண்ணெய் மூடி இருந்தால் ஒரு தேக்கரண்டி லேசான எண்ணெய் விடுங்கள். நாள்பட நின்ற வண்டியில் பழைய எண்ணெய் கோந்தாகி உள்ளிருந்து பிடிப்புத் தரும் சின்னக் கொக்கிகள் (pawl) ஒட்டிக்கொள்ளும். அப்படியானால் சரியாக அட்ஜஸ்ட் செய்தாலும் வழுக்கும். சரிசெய்யும் வரை எழுந்து நின்று மிதிக்காதீர்கள். பிடிப்பு விட்டால் உடம்பு நேராக மேல்குழாயில் இருக்கும் கியர் லீவர் மேல்தான் போய் விழும். ஸ்டர்மியின் இப்போதைய 3 கியர் ஹப்புகளில் இந்த நடுக்குழியே கிடையாது. மறுவெளியீட்டுக்கு இருக்கும் உண்மையான ஆதாயம் இதுதான் என்பேன்.

மரைக்கணக்கு:
பாகங்கள் மாற்றி மாற்றிப் போடுவது பற்றி: வெளித்தோற்றத்தை நம்ப வேண்டாம். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் செய்த ராலே ஃப்ரேம்களில் பி.பி. கப்பின் (கிராங்க் அச்சின் பேரிங்கைத் தாங்கும் கிண்ணம்) மரை அங்குலத்துக்கு 26. இன்று எல்லோரும் போடுவது 24. விட்டம் ஒன்றுதான் என்பதால் புதுக் கப் முதல் இரண்டு சுற்று அழகாக ஏறும், பிறகு முரண்டு பிடிக்கும். ஸ்பேனருக்குக் குழாய் மாட்டித் திருகினால் ஃப்ரேமின் மரை போயே போயிற்று. கையால் முழுசாக ஏறாத கப்பை வெளியே எடுத்துவிடுங்கள். ஹப் அச்சும் அப்படியே. அது 13/32 அங்குலம், 26 மரை. 10 மி.மீ. நட்டு அதற்கு ஆகாது.

லொடலொடப்புக்குக் கப்பைக் குறை சொல்வதற்கு முன், கிராங்கை அதன் அச்சோடு பிணைக்கும் ஆப்பான காட்டர் பின்னைப் பாருங்கள். பழைய பின்னைக் கழற்ற முதல் நாளே ஊடுருவும் எண்ணெய் விட்டு வையுங்கள். நட்டைப் பின் முனையின் மட்டத்துக்குத் தளர்த்தி, கிராங்குக்கு அடியில் தரைவரை ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்துவிட்டு அடியுங்கள். முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுதும் பேரிங் பால்ஸுக்குப் போய்க் கப்பில் குழி விழும். புதுப் பின் பிரிட்டிஷ் அளவில் 9.5 மி.மீ. சரிவான முகத்தை அரத்தால் தட்டையாகத் தேய்த்துவிட்டுப் போடுங்கள். இரு பின்களும் எதிரெதிர்த் திசையில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு கிராங்கும் ஒரே கோட்டில் நிற்காது. 40, 50 கி.மீ. ஓடியபின் நட்டை மறுபடி இறுக்குங்கள். பின் அமர்ந்து தளர்வது இயல்பு. அந்த ஒரு இறுக்கை விட்டுவிடுவதால்தான் பாதிக் கிராங்குகள் கெடுகின்றன.

டயர்419:
முன் டயர்தான் எல்லோரையும் ஏமாற்றுகிற இடம். 16 x 1⅜ என்று ஒரே பெயரில் 349, 340, 337 மி.மீ. என வெவ்வேறு ரிம் விட்டங்கள் இருக்கின்றன. பெயரை மறந்துவிட்டு, டயர் ஓரத்தில் நடுவே சிறு கோடு போட்டுப் பிரித்து அச்சிட்ட எண்ணின் பின்பாதியைப் படியுங்கள். அது அழிந்திருந்தால் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தைச் சுற்றி மெல்லிய நாடா வைத்து அளந்து 3.14-ஆல் வகுங்கள்.

சாப்பர் பாணியிலேயே வந்த அமெரிக்க ஷ்வின் கிரேட் சைக்கிள்களுக்கு இது இன்னும் மோசம். அதன் முன் சக்கரம் 16 x 1¾, அது 317 மி.மீ. கடையில் கிடைக்கும் 16 x 1.75 என்பது 305. கணக்கில் 1¾-ம் 1.75-ம் ஒன்றே, டயரில் 12 மி.மீ. வித்தியாசம். ஷ்வினின் 20 x 1¾-ம் இதே போல, 419. மற்ற 20 x 1.75 எல்லாம் 406. இப்போதைய ஷ்வின் பெயர் தாங்கிய மறுவெளியீட்டு வண்டிக்கும் அளந்த பிறகே டயர் வாங்க வேண்டும். ஒற்றைத் துண்டு கிராங்க் உள்ள வண்டி என்றால் பெடல் மரையும் 1/2 அங்குலம், வழக்கமான 9/16 ஏறாது.

மூன்றுகியர்:
நன்றி நண்பர்களே. கம்பி உள்ளே போயிருந்தது, இறுக்கியதும் கியர் பிடித்துவிட்டது. டயர் எண் 349. கடைசி சந்தேகம்: பழைய குரோம் ரிம்மிலேயே ஓட்டலாமா?

மரைக்கணக்கு:
ஓட்டலாம், மழையில் வேண்டாம். நனைந்த குரோம் இரும்பில் ரப்பர் பிரேக் கட்டை கிட்டத்தட்ட பிடிக்காது. தோல் முகம் வைத்த கட்டை போட்டால் ஓரளவு நிற்கும். மறுவெளியீட்டை வாங்கினாலும் வடிவத்தின் குணம் மாறாது. சீட் பின்னால், ஹேண்டில்பார் உயரம், முன் சக்கரம் சின்னது, எனவே எடை முழுதும் பின்சக்கரத்தில். லீவருக்காக ஒரு கையை எடுக்கும்போது முன்பக்கம் ஆடும். மெதுவாகப் போகும்போதே கியரை மாற்றிவிடுங்கள், சீட்டில் இடமிருக்கிறதே என்று இரண்டாம் ஆளை ஏற்றாதீர்கள்.

காட்டர்பின்:
கூடவே ஒன்று. ஹப்பின் ஓட்டில் ஏ.டபிள்யூ. எழுத்தின் பக்கத்தில் இரண்டு இலக்க வருடமும் மாதமும் பொறித்திருக்கும். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மறுவெளியீடு வந்தபின் புதுப் பாகங்களைப் பழையது என்று விற்பவர்கள் உண்டு, ஃப்ரேமின் காலத்தோடு ஒப்பிட அந்தப் பொறிப்பு உதவும்.