பிரம்மா கோழிகள்: நிறமும் கண்காட்சியும் – அனுபவப் பகிர்வு

ஓஹியோவிலிருந்து:

பிரம்மா வாங்க விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது, "என்னென்ன நிறம் இருக்கிறது?" என்பதுதான். கண்காட்சி நடுவரோ நிறத்துக்குக் கடைசியில்தான் வருகிறார். கொலம்பஸ் நகரில் நவம்பர் மாதம் நடக்கும் ஓஹியோ நேஷனல் கண்காட்சியில் என் லைட் பிரம்மாக்களை (வெள்ளை உடலும் கறுப்புக் கழுத்தும் உள்ள வகை) வைத்துவருகிறேன். நடுவர் கூண்டை விட்டு எட்ட நின்று உருவத்தைப் பார்ப்பார். முதுகு அகலமா, நெஞ்சு ஆழமா, நிற்கும்போது கம்பீரம் தெரிகிறதா என்று கவனிப்பார். பிறகு கையில் எடுத்து நெஞ்செலும்பைத் தடவுவார். கொண்டை சிறியதாக, மூன்று வரிசையாக, தலையோடு ஒட்டி இருக்க வேண்டும். அடுத்து காலை விரிப்பார். வெளிவிரலில் மட்டும் இறகு இருந்தால் போதாது, நடுவிரலிலும் வேண்டும். கால் மூட்டுக்குப் பின்னால் விறைத்த இறகுகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது பெரிய குற்றம். இவ்வளவும் தேறினால்தான் நிறம். அதிலும் விட்டுக்கொடுக்க மாட்டார். கழுத்தின் கறுப்பு இறகுகள் ஒவ்வொன்றுக்கும் வெள்ளை விளிம்பு தெளிவாக இருக்கிறதா என்று விரலால் பிரித்துப் பார்ப்பார்.

அமெரிக்க அளவுகோலின்படி லைட் சேவல் 12 பவுண்டு, அதாவது ஏறத்தாழ ஐந்தரை கிலோ இருக்க வேண்டும். பெட்டை ஒன்பதரை பவுண்டு. இந்த எடை அவசரப்பட்டு வராது. ஒன்றரை வயதுக்கு மேல்தான் பறவை முழுமையாகத் திரளும். எட்டு மாதச் சேவலைப் பார்த்து "எலும்பும் தோலுமாக இருக்கிறதே" என்று கழித்துவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. உயரமாக, ஒல்லியாக நிற்கும் அந்த விடலைதான் பின்னால் பெரிய சேவலாகும்.

குளிப்பாட்டும் முறையைப் பலர் கேட்டிருந்தீர்கள். மூன்று தொட்டிகள், மூன்றிலும் வெதுவெதுப்பான நீர். முதல் தொட்டியில் மென்மையான சோப்பு. இறகின் போக்கிலேயே தடவ வேண்டும், எதிர்த்துத் தேய்த்தால் இறகு முறியும். கால் இறகில் காய்ந்த எச்சம் ஊறித் தானாகக் கரையும்வரை பொறுமை வேண்டும். இரண்டாவது தொட்டியில் சிறிது வினிகர் கலந்து அலசினால் சோப்பு முழுதும் போய்விடும். மூன்றாவது தொட்டி லைட் பிரம்மாவுக்கு மட்டும்: நம் வீடுகளில் வெள்ளை வேட்டிக்குப் போடும் அதே சொட்டு நீலம். நீர் மிக வெளிறிய வானநிறத்தில் இருந்தால் போதும். கூடினால் பறவையே நீலம் பாரித்துவிடும். போட்டிக்கு இரண்டு மூன்று நாள் முன்பே குளிப்பாட்டிவிட வேண்டும். அலகால் எண்ணெய் தடவி இறகை அது தானே சீர்படுத்திக்கொள்ள அந்த அவகாசம் தேவை.

உடுமலையிலிருந்து:

அண்ணா, வணக்கம். இங்கே எங்களுக்கு முதல் எதிரி வெயில். இவ்வளவு அடர்த்தியான இறகோடு இருக்கும் கோழிக்கு வியர்வைச் சுரப்பியும் கிடையாது. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். சித்திரை, வைகாசியில் கொட்டகையின் மேல் தென்னங்கீற்று வேய்ந்து, மதியம் ஒரு மூலை மணலை நனைத்து வைக்கிறேன். பெரிய சேவல்கள் நேராகப் போய் அங்கே படுத்துவிடும். தீவனத்தை விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் மட்டுமே வைக்கிறேன்.

மார்கழியில் பொரிக்கும்படி அடை வைப்பது என் பழக்கம். கடும் வெயில் வருவதற்குள் குஞ்சுக்கு நான்கு மாதம் ஆகிவிடும். பிரம்மாப் பெட்டை ஆசையாக அடை படுத்தாலும், உடல் கனத்தில் முட்டை உடைகிறது. அதனால் சிறுவிடை என்ற சிறிய நாட்டுக் கோழிக்கு அடியில் ஏழெட்டு முட்டை வைக்கிறேன். தன்னைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்ட குஞ்சுகளையும் அந்தச் சிறுவிடை கொத்த வரும் காகத்திடமிருந்து காக்கிறது.

கால் இறகைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. ஈர மண்ணில் விட்டால் இறகோடு சேறு உருண்டை கட்டி, நடக்கும்போது முறிகிறது. முறிந்த இறகு அடுத்த இறகுதிர்ப்பு வரை அப்படியேதான் இருக்கும். தரையில் ஆழ்கூளமாக, அதாவது தடித்த படுக்கையாகக் கடலைத் தோல் போட்டு, நனைந்த இடத்தை அன்றன்றே அள்ளிவிடுகிறேன். அடையும் கட்டையை ஓர் அடிக்கு மேல் உயர்த்துவதில்லை. இந்த எடையோடு உயரத்திலிருந்து குதித்தால் பாதம் வீங்கிப் புண்ணாகும். கால் இறகின் மறைவில், செதிலுக்கு அடியில் புகும் சிற்றுண்ணியையும் கவனியுங்கள். செதில் தூக்கிக்கொண்டு வெள்ளையாகப் பொருக்குத் தட்டினால், கால் முழுக்க வாசலின் தடவிச் சில நாள் கழித்து மறுபடி தடவ வேண்டும். ராணிக்கெட் எனும் வெள்ளைக் கழிச்சல் நோய்க்கான தடுப்பூசியைப் பற்றித் தனியாகச் சொல்லவே வேண்டாம். வெள்ளைக் கழிச்சல் வந்தால் விலை உயர்ந்த கோழி என்று பார்க்காது.

யார்க்‌ஷயரிலிருந்து:

நான் வளர்ப்பது டார்க் பிரம்மா. இதில் சேவலும் பெட்டையும் ஒரே இனம் என்றே புதியவர்கள் நம்ப மாட்டார்கள். சேவலுக்குக் கழுத்தும் முதுகும் வெள்ளி, நெஞ்சு முழுக்கக் கறுப்பு. பெட்டைக்குச் சாம்பல் நிற உடலில் ஒவ்வோர் இறகிலும் அந்த இறகின் வடிவத்தையே பின்பற்றும் மெல்லிய கருங்கோடுகள். பென்சிலால் கீறியது போன்ற இந்தக் கோடுகள் தொண்டை வரை ஒரே சீராக வர வேண்டும் என்பதற்காகவே வாழ்நாளைச் செலவிட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். துல்லியமான கோடு உள்ள பெட்டைகளைத் தரும் சேவலின் நெஞ்சில் பெரும்பாலும் வெள்ளைப் பொட்டு கலந்திருக்கும். அந்தச் சேவல் போட்டியில் வெல்லாது. அதனால் பழைய வளர்ப்பாளர்கள் சேவலுக்கென ஒரு கூட்டம், பெட்டைக்கென ஒரு கூட்டம் என்று இரண்டு வம்சம் வைத்திருப்பார்கள். இடமும் பொறுமையும் உள்ளவர்களுக்கே இந்த நிறம் சரிப்படும்.

இங்கே இங்கிலாந்தில் பிரம்மா புகழ்பெற்றதற்கு 1852 ஒரு முக்கியமான ஆண்டு. அமெரிக்காவிலிருந்து ஜார்ஜ் பர்ன்ஹாம் என்பவர் விக்டோரியா மகாராணிக்கு இந்தக் கோழிகளைப் பரிசாக அனுப்பினார். பெயர் பிரம்மபுத்திரா நதியிலிருந்து வந்தது. ஆனால் இனம் உருவானது அமெரிக்காவில், ஷாங்காயிலிருந்து கப்பலில் போன பெரிய கோழிகளைக் கொண்டு. சிட்டகாங் பகுதிக் கோழியின் இரத்தமும் கலந்திருப்பதாகச் சொல்வார்கள்.

கோவையிலிருந்து:

ப்ளூ, அதாவது நீலச்சாம்பல் நிற பிரம்மா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ப்ளூவோடு ப்ளூ சேர்த்தால் எல்லாக் குஞ்சும் ப்ளூவாக வராது. ஏறத்தாழ பாதி ப்ளூ, கால் பங்கு கறுப்பு, கால் பங்கு ஸ்பிளாஷ் (வெளிறிய உடலில் நீலச்சாம்பல் திட்டுகள்). முழுக்க ப்ளூ வேண்டுமென்றால் கறுப்பையும் ஸ்பிளாஷையும் இணை சேருங்கள். கறுப்புக் குஞ்சு வந்ததும் விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

உடுமலையிலிருந்து:

ஓஹியோ அண்ணாவுக்கு ஒரு கேள்வி. வெளியூர்ப் பண்ணை ஒன்றில் லைட் சேவல் ஒன்றை வாங்கினேன். அங்கே லைட்டும், பொன்மஞ்சள் உடல் கொண்ட பஃப்பும் ஒரே கொட்டகையில் திரிந்தன. சேவலின் தோளிலும் முதுகிலும் மஞ்சள் பாய்ந்திருக்கிறது. வெயிலால் இருக்குமா, கலப்பா?

ஓஹியோவிலிருந்து:

தம்பி, இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. வெயில் பட்டால் வெள்ளை இறகு மஞ்சளாகும், மஞ்சள் மக்காச்சோளம் அதிகம் போட்டாலும் அந்தச் சாயல் வரும். வெயில் மஞ்சள் என்றால் மேலே தெரியும் பகுதியில் மட்டும் இருக்கும். மேலிறகைத் தூக்கினால் அதன் மறைவில் உள்ள பகுதி வெள்ளையாக இருக்கும்.

கலப்பு என்றால் கணக்கு வேறு. லைட்டின் வெள்ளையை வெள்ளி என்றும், பஃப்பின் மஞ்சளைப் பொன் என்றும் சொல்வோம். வெள்ளி, பொன் என்ற இந்தக் குணத்தைச் சேவல் தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பெறுகிறது. பெட்டைக்குத் தகப்பனிடமிருந்து மட்டுமே. எனவே லைட்டும் பஃப்பும் எந்த வகையில் சேர்ந்தாலும், ஆண் குஞ்சுகள் எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தபடி பொன்னை உள்ளே சுமக்கும். அது தோளில்தான் முதலில் வெளிப்படும். தகப்பன் பஃப், தாய் லைட் என்றால் பெண் குஞ்சுகள் பஃப். தகப்பன் லைட், தாய் பஃப் என்றால் பெண் குஞ்சுகள் வெள்ளி, அவை பொன்னைச் சுமப்பதில்லை.

இறகுதிர்ப்பு தொடங்கியதும் சேவலை முழு நிழலில் வையுங்கள், மக்காச்சோளத்துக்குப் பதிலாகக் கம்பு கொடுங்கள். புது இறகு வெள்ளையாக வந்தால் பயம் இல்லை. தோளில் மறுபடி மஞ்சளாக முளைத்தால், உங்கள் லைட் பெட்டைகளில் ஒன்றோடு மட்டும் தனியாக விட்டு ஓர் ஈடு முட்டை அடை வையுங்கள். பெண் குஞ்சுகளில் ஒன்றாவது பஃப்பாக இறகு கட்டினால் கலப்பு உறுதி. எவ்வளவு அழகான உருவமாக இருந்தாலும் அந்தச் சேவலை மற்ற லைட் பெட்டைகளிடம் விடாதீர்கள், பஃப் பெட்டைகளிடமும் விடாதீர்கள். யாருக்காவது கொடுப்பதானால் அதன் பெற்றோர் நிறத்தைச் சொல்லிக் கொடுங்கள்.