புதுப்பிப்பு: தலைகீழ் என்ஜின் இப்போது ஐடிலில் (குறைந்த வேகத்தில்) அணையாமல் ஓடுகிறது

போன பதிவில் கேட்டிருந்தேன்: என் ரிமோட் மாடல் விமானத்தில் 46 சைஸ் (0.46 கன அங்குலம்) க்ளோ என்ஜினை, அதாவது க்ளோ பிளக்கின் சூட்டில் மெத்தனால் எரிபொருளைப் பற்றவைக்கும் சின்ன என்ஜினை, சிலிண்டர் கீழே வரும்படி தலைகீழாக மாட்டியதும், த்ராட்டிலைக் குறைத்தால் அணைந்துவிடுகிறது, என்ன செய்யலாம் என்று. பதில் சொன்ன அண்ணன்மார் எல்லோருக்கும் நன்றி. டேங்கைப் பாருங்கள் என்றவர்கள் சொன்னதுதான் சரி.

என்ஜினைத் திருப்பினால் கார்புரேட்டர் (எரிபொருளைக் காற்றோடு கலக்கும் பாகம்) கீழே இறங்கிவிடுகிறது. டேங்க் மட்டும் பழைய உயரத்திலேயே நிற்கிறது. எரிபொருள் டியூபைக் கையில் பிடித்துப் பார்த்தேன். என்ஜின் ஓடாதபோதே எரிபொருள் தானாக வடிந்து சிலிண்டர் ஹெட்டில் தேங்கி, க்ளோ பிளக்கை நனைத்துக்கொண்டிருந்தது. ஃபயர்வாலுக்குப் (என்ஜினைத் தாங்கும் முன்பலகை) பின்னால் அடி பால்சா மரத்தைக் கொஞ்சம் அறுத்து, டேங்கின் நடுக்கோடு ஸ்ப்ரே பாருக்கு (கார்புரேட்டருக்குள் எரிபொருளை விடும் குழாய்) 6 மி.மீ. கீழே வரும்படி இறக்கினேன். அதிர்வில் எரிபொருள் நுரைக்காமல் இருக்க டேங்கைச் சுற்றி ஸ்பாஞ்ச்.

நேற்று செங்கல்பட்டு பக்கம் மைதானத்தில் விமானத்தைக் கவிழ்த்துப் பிடித்து ஸ்டார்ட் செய்தோம். நிமிர்த்திய பிறகும் ஐடிலில் அணையாமல் ஓடியது! அந்தச் சத்தத்தைக் கேட்க அவ்வளவு சந்தோஷம்.

ஒரு விஷயம் மட்டும் தயவுசெய்து கவனியுங்கள். எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டரை வைக்கும் முன் ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றிப் பாருங்கள். எங்காவது இறுகினால் உள்ளே எரிபொருள் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம்; அது அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். பிளக்கைக் கழற்றி வடித்துவிடுங்கள்.

சென்னைக் காற்றில் மெத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கேனையும் இறுக்கி மூடி வையுங்கள். அடுத்தது கவ்லிங் (என்ஜினை மூடும் உறை), அதில் காற்று வெளியேறும் வழி உள்ளே வரும் வழியைவிடப் பெரிதாக வேண்டும், அதை வெட்டிவிட்டுப் படம் போடுகிறேன்.