அப்பா போன்ல இன்னும் லோடுக்கு கூப்பிடறாங்க, எஃப்ஐஆர்ல தப்பு அவர் மேலன்னு இருக்கு. என்ன பண்றது?

சங்ககிரி பையன் (பிப்ரவரி 2025)

வணக்கமுங்க எல்லாருக்கும். எங்கப்பா லாரி டிரைவருங்க, வயசு 45. போன மாசம் நாக்பூர்ல ஆரஞ்சு ஏத்திட்டு வர்றப்போ கர்னூல் தாண்டி டோன் வர்றதுக்கு முன்னாடி, விடிகாலை நாலு மணி இருக்கும், ரோட்டோரமா லைட்டு கூட போடாம நின்னுட்டிருந்த ட்ரெய்லர் பின்னாடி மோதி கேபின்லயே போயிட்டாரு. கூட யாரும் இல்ல, சிங்கிள் டிரைவர்தான். ஓனரும் எங்க மாமாவும் நானும் போயி கர்னூல் பெரியாஸ்பத்திரில போஸ்ட்மார்ட்டம் முடிச்சு ஆம்புலன்ஸ்ல கொண்டாந்தோம், கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர், அவர் மாசம் நாலு தடவ வர்ற அதே ரோடு. தொப்பூர் எறக்கத்துல மாமா மட்டும் "மச்சான் இங்க ஒருநாளும் நியூட்ரல் போட்டதில்லடா"ன்னாரு, அப்பறம் வீடு வர்ற வரைக்கும் யாரும் வாய தொறக்கல.

கருமாதி முடிஞ்சிருச்சு. எஃப்ஐஆர் காப்பி இப்பத்தான் கைக்கு வந்துச்சு, தெலுங்குல இருக்கு. ஓசூர் ஃப்ரெண்டு ஒருத்தன் படிச்சு காட்டுனான், "அதிவேகங்கா அஜாக்ரத்தகா"ன்னு வந்தப்போ அதுக்கு அவன் அர்த்தம் சொல்லவே வேண்டியிருக்கல. புகார் குடுத்தது அந்த ட்ரெய்லர் டிரைவர், கேஸ் எங்கப்பா மேல. எழவுக்கு வந்தவங்கள்ல பாதிப்பேரு தூங்கிட்டாரான்னு கேக்கறாங்க, மீதிப்பேரு தண்ணி போட்டிருந்தாரான்னு கேக்கறாங்க, எங்கம்மா பக்கத்துலதான் உக்காந்திருக்குது. அவர் பீடி கூட குடிக்க மாட்டாருங்க.

டிரைவர் மேல தப்புன்னா ஒத்தப்பைசா கிளைம் வராதுன்னு ஓனருக்கு தெரிஞ்ச ஏஜெண்டு சொல்றாரு. நெசமா?

இன்னொண்ணு கேக்கறதுக்கே ஒரு மாதிரி இருக்கு. அவர் போன் ஒடையல, ஸ்கிரீன்ல கீறல் மட்டும்தான். லோடு ஆபீஸ்காரங்க இன்னும் கூப்பிட்டுட்டே இருக்காங்க, அண்ணா சூரத் லோடு இருக்கு போறீங்களான்னு. நான் எடுத்து விசயத்த சொன்னா அந்தப்பக்கம் சத்தமே இருக்காது. ஒருத்தரு ஹிந்தில ஓன்னு அழுதாரு, எனக்கு ஹிந்தி வராது, அப்படியே காதுல வச்சுட்டு நின்னேன். சிம்ம எடுத்துரலாமா? அம்மா தினமும் அதுக்கு சார்ஜ் போட்டு வைக்குது.

—

பழைய டாரஸ்

தம்பி, நான் 31 வருசம் ஸ்டீயரிங் பிடிச்சவன், மதுரைப்பக்கம், இப்ப கண்ணு சரியில்லனு வீட்ல உக்காந்துட்டேன். அந்த வரிய நெனச்சு வெந்து போகாத. நம்ம ஊர் எஃப்ஐஆர்லயும் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்னுதான் எழுதுவாங்ய, நின்ன எடத்துல செத்தாலும் அதான் எழுதுவாங்ய. பேனாவுக்கு பழகிப்போன வரி அது. புகார் குடுக்க உசுரோட இருக்கவன் சொல்றதுதான் பேப்பர்ல ஏறும், உங்கப்பாரு எந்திரிச்சு வந்து இல்லைனு சொல்ல முடியுமா.

தூங்கிட்டாரானு கேக்குறவன்ட்ட ஒண்ணு கேளு. பழ லோடுன்னா விடியறதுக்குள்ள மார்க்கெட்ல நிக்கணும், லேட்டானா வாடகைல பிடிப்பான். நாக்பூர்ல இருந்து ஒத்த ஆளு. முன்னாடி நேஷனல் பர்மிட் வண்டில ரெண்டு டிரைவர் இருக்கணும்னு விதி இருந்துச்சு, 2018ல அதையும் எடுத்துட்டாங்ய. எட்டு மணி நேரந்தான் வேலைனு 1961லயே சட்டம் போட்டாங்ய, எந்த லோடு ஆபீஸ்ல அத ஒட்டி வச்சிருக்கான் சொல்லு. 2025 அக்டோபர்ல இருந்து செய்யிற லாரிக்கெல்லாம் ஏசி கேபின் கட்டாயமாம், நல்லதுதான், ஆனா ஏசி போட்டா தூக்கம் இன்னும் நல்லா வரும்யா.

போன இப்ப ஆஃப் பண்ணாத. ரோட்டுல அவர் யாரு யாருக்கு வேண்டப்பட்டவருன்னு வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது, அந்த போனுக்குத்தான் தெரியும்.

—

ஹைவே ராஜா

கோச்சுக்காதீங்க ப்ரோ, நாலு மணிக்கு பின்னாடி போய் மோதறதுன்னா தூக்கமாத்தான் இருக்கும், 90% கேஸ் அப்படித்தான்

—

பழைய டாரஸ்

90ங்கிற கணக்க எந்த டோல்கேட்ல எண்ணுனீங்க? நைட்டு நாலு மணிக்கு டெயில் லாம்ப் இல்லாம, பின்னாடி ஒட்டுற சிவப்பு ஸ்டிக்கர் சேறு மூடிப்போயி நிக்கிற ட்ரெய்லர பாத்துருக்கீங்களா? எதுர்ல வர்ற வண்டி ஹைபீம்ல வந்தா ஒரு செகண்டு கண்ணு இருட்டும், அந்த ஒரு செகண்டுதான். லோடு வண்டில பிரேக்க மிதிச்சா அது நெனச்ச எடத்துல நிக்குமா. நான் ரெண்டு தடவ மயிரிழைல தப்பிச்சவன், ரெண்டு தடவயும் முழிச்சுத்தான் இருந்தேன்.

—

குமாஸ்தா

வக்கீல் ஆபீஸ்ல விபத்து கேஸ் ஃபைல் தூக்கறவன் நான், அந்த அனுபவத்துல சொல்றேன். ஏஜெண்ட் சொன்னது தப்பு.

உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு, ஆனா ரெண்டுல ஒண்ணுதான் எடுக்க முடியும். உங்கப்பா விபத்து நடந்தப்போ இருந்த தொழிலாளர் இழப்பீட்டு சட்டம் 1923ல போனா தப்பு யார் மேலன்னே பாக்க மாட்டாங்க, வேலை நேரத்துல வேலையால செத்தாரா, அவ்ளோதான் கேள்வி. மாச சம்பளத்துல பாதிய வயசுக்கு உண்டான ஃபேக்டரால பெருக்குவாங்க. சம்பளம் அதுக்கு மேல எவ்ளோ இருந்தாலும் 15,000 தான் எடுப்பாங்க, 45 வயசுக்கு ஃபேக்டர் 169.44, ஆக 7,500 பெருக்கல் 169.44, 12,70,800 வருது. பணம் கட்டறது லாரியோட இன்சூரன்ஸ் கம்பெனி, பாலிசில பெய்டு டிரைவர்னு ஒரு வரி இருக்கும் பாருங்க, அதுக்குத்தான் ஓனர் பிரீமியம் கட்டறாரு. மனு போடறது தொழிலாளர் துணை கமிஷனர் ஆபீஸ்ல, ரெண்டு வருசம் டைம்.

இன்னொண்ணு எம்ஏசிடி, அதாவது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு கோர்ட்டு, அந்த ட்ரெய்லர் மேலயும் அதோட இன்சூரன்ஸ் மேலயும். இதுல தொகை கூட வரலாம், ஆனா உங்கப்பா பங்கு தப்பு இத்தன சதவீதம்னு கழிப்பாங்க. கோர்ட்டு எஃப்ஐஆர்ல இருக்கறத அப்படியே எடுத்துக்கணும்னு கட்டாயம் இல்ல, லைட் இல்லாம நின்னதுக்கு நீங்க சாட்சி காட்டலாம். சங்ககிரில இருந்துட்டே நம்ம பக்கத்து கோர்ட்லயே போடலாம், கர்னூல் அலைய வேண்டாம். ஆனா ஆறு மாசத்துக்குள்ள போடணும், 2022 ஏப்ரல்ல இருந்து அப்படி. அதனால ஸ்பாட் போட்டோ, போலீஸ் எடத்த பாத்து எழுதற மகஜர், வண்டிய சோதிக்கற பிரேக் இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட் மூணும் உடனே வாங்கி வைங்க. ட்ரெய்லரையும் இன்ஸ்பெக்ட் பண்ணாங்களான்னு கேளுங்க, நெறைய பேர் இத விட்டுடறாங்க.

ஓனர் நல்லவரா இருந்தாலும் ஒண்ணு பண்ணுங்க. பேட்டா, சம்பளம் ஜிபேல வந்திருந்தா ஸ்டேட்மெண்ட் எடுத்துடுங்க. இவர் எங்க டிரைவரே இல்லன்னு பின்னாடி சொன்ன ஓனர நான் பாத்திருக்கேன். போன அழிக்காம வைங்க, அதுலதான் எல்லாம் இருக்கும்.

—

மல்லிகா

தம்பி எங்க வீட்டுக்காரரும் லாரிதான், 2017ல சோலாப்பூர்கிட்ட. சட்டமெல்லாம் அண்ணன் சொல்லிட்டாரு, நான் வேற சொல்றேன். வண்டி இன்னும் ஸ்டேஷன்லதான நிக்குது? ஓனர் கோர்ட் ஆர்டர் வாங்கி எடுக்கப் போறப்போ நீயும் கூடப்போ. இல்லைன்னா கேபின்ல இருக்கறத அங்கயே தூக்கிப்போட்டுட்டு வந்துருவாங்க. எங்களுக்கு அப்படித்தான் ஆச்சு, அவர் ஸ்டவ்வு, குழம்புச்சட்டி, ரெண்டு லுங்கி, பொண்ணுக்குன்னு வாங்கி சீட்டுக்கடியில வச்சிருந்த கொலுசு, பில்லு மட்டும் அவர் பர்ஸ்ல இருந்துச்சு கொலுசு வரல. இன்னிக்கு வரைக்கும் அந்த பில்ல வச்சிருக்கேன். அம்மாவ கூட்டிட்டு போகாத, கேபின பாக்க வேண்டாம்.

சார்ஜ் போடட்டும் விடு. நான் எட்டு மாசம் ரீசார்ஜே பண்ணேன்.

—

சங்ககிரி பையன்

எல்லாருக்கும் நன்றிங்க. ஓனர்கிட்ட பேசிட்டேன், அடுத்த வாரம் வண்டி எடுக்கப் போறாங்களாம், நானும் போறேன். சம்பளம் ஜிபேல வந்ததெல்லாம் எடுத்து வச்சுட்டேன். வக்கீலு ஒருத்தரு வர்றதுல இருபது பர்சென்ட் கேக்கறாரு, குடுக்கலாமுங்களா?

—

குமாஸ்தா

கையெழுத்து போட்டுடாதீங்க. கோர்ட்டு வளாகத்துலயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும். மனுதாரர் அம்மாதான், பெண்களுக்கு வருமானம் எவ்ளோன்னே பாக்காம இலவச வக்கீல் தருவாங்க. வாரிசு சர்டிபிகேட்டுக்கும் இன்னிக்கே எழுதிப்போடுங்க, அதான் லேட்டாகும்.

—

பழைய டாரஸ்

ஹிந்தில அழுதாருன்னியே, அந்த நம்பர தனி மெசேஜ்ல அனுப்பு, நான் பேசிப் பாக்குறேன்.

—

பழைய டாரஸ்

பேசிட்டேன் தம்பி. ஹிங்கன்காட் பக்கம் பஞ்சர் கடை வச்சிருக்காராம், நாக்பூர்ல இருந்து எறங்குனா அந்த வழிதான். உங்கப்பாரு போற ட்ரிப்புல ரெண்டாவது ஸ்டெப்னிய ஒட்டுறதுக்கு போட்டுட்டு போயிருக்காரு, வர்றப்ப டைம் இல்ல, அடுத்த ட்ரிப்புல எடுத்துக்குறேன்னு கண்ணாடி வழியா கைய மட்டும் காட்டிட்டு போனாராம். வழக்கமா நின்னு ஒரு டீ குடிச்சுட்டுத்தான் போவாராம். டயர ஒட்டி காத்தடிச்சு வச்சிருக்காரு, காசு வேண்டாங்கிறாரு, யார்ட்ட குடுக்கணும்னு கேக்குறாரு.

—

சங்ககிரி பையன்

அது ஓனரோட டயருங்க. வெள்ளிக்கெழம ஓனரோட இன்னொரு வண்டி நாக்பூர் போகுது, எடுத்துட்டு வரச்சொல்றேன். அந்த அண்ணன்கிட்ட சொல்லிருங்க.