தினமும் போன் போட்டு அப்பாயின்ட்மென்ட் வாங்கினது தப்பா?

தூக்கம்கெட்டவள்

பையனுக்கு 6 வயசு. எழுதிட்டே இருப்பான், திடீர்னு பென்சில் நிக்கும். முதல்ல நோட்டுலதான் கண்ணுல பட்டுச்சு. ‘ழ’ போடும்போது சுழி பாதியில நின்னு, அங்கேருந்து ஒரு கோடு வழுக்கி அடுத்த வரி வரைக்கும் இறங்கியிருக்கும். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி மறுபடி ‘ழ’. ஒரே பக்கத்துல மூணு இடத்துல அப்படி. அந்த நேரத்துல கூப்பிட்டா திரும்ப மாட்டான். இமை லேசா துடிக்கும். பத்து செகண்டுல வந்துருவான், "என்னம்மா?"ம்பான். ஒரு லீவு நாள்ல பக்கத்துலயே உக்காந்து எண்ணினேன். மதியத்துக்குள்ள 26.

வழக்கமா பார்க்கிற டாக்டர், குழந்தைகள் நரம்பியல் நிபுணருக்கு லெட்டர் கொடுத்தார். அங்கே கிடைச்ச தேதி நாலு மாசம் கழிச்சு. காலையில 8 மணிக்கு லைன் திறக்கும். தினமும் போட்டேன். "ஏதாவது கேன்சல் ஆச்சாங்க?" 11-வது நாள் ஆச்சு. மறுநாளே பார்த்துட்டோம், மூளையோட மின்னலைகளைப் பதிவு பண்ற இ.இ.ஜி. எடுத்தாங்க, மருந்து ஆரம்பிச்சாச்சு.

சந்தோஷமா அம்மாக்கள் வாட்ஸாப் குரூப்ல போட்டேன். ஒருத்தி பட்டுனு எழுதிட்டா: "அப்போ வேற குழந்தையோட இடத்தை நீ எடுத்துக்கிட்டே." ரெண்டு நாளா அதே மண்டைக்குள்ள ஓடுது. தப்பா?

ஆறாம்விரல்

என்ன தப்பு? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். அந்தம்மாவுக்குப் பொறாமை, விடுங்க.

மேசை எண் மூணு

நான் ஒரு ஆஸ்பத்திரியில முன் மேசையில ஒன்பது வருஷமா இருக்கேன். நீங்க போன் போட்டீங்களே, அந்த மாதிரி போனை எடுக்கிற ஆள் நான். அதனால கசப்பா இருந்தாலும் சொல்றேன்.

கேன்சல் ஆன இடம் சும்மா கிடக்கிற இடம் இல்லை. அதுக்குன்னு ஒரு பட்டியல் இருக்கு. லெட்டரைப் படிச்சு, எந்தக் குழந்தையை முன்னாடி கூப்பிடணும்னு டாக்டர் குறிச்சு வெச்சிருப்பாங்க. நியாயமா பார்த்தா இடம் காலியானதும் நாங்க அந்தப் பட்டியலை எடுத்து மேலேருந்து ஒவ்வொருத்தரா கூப்பிடணும். முதல் ஆள் போன் எடுக்க மாட்டார். ரெண்டாவது ஆள் "நாளைக்கேவா? லீவு கேக்கணுமே"ம்பார். அதுக்குள்ள எதிர்ல எட்டுப் பேர் நிக்கிறாங்க, இன்னொரு லைன் அடிக்குது. அதுல, "நான் வரேங்க, எத்தனை மணிக்கு வேணா வரேன்"னு ஒரு அம்மா. கொடுத்துருவோம். நானும் கொடுத்திருக்கேன்.

தினமும் 8 மணிக்குப் போன் போட எல்லாராலும் முடியுமா? அந்த நேரத்துல போனைக் கையில எடுக்கவே விடாத வேலைகள் இருக்கு. "ஒரு தடவை கேட்டாச்சு, மறுபடி கேட்டா திட்டுவாங்க"ன்னு பயப்படறவங்க பாதிப் பேர்.

ஆறாம்விரல், உங்க பழமொழிக்கு ஒரு பதில். அவசர சிகிச்சைப் பிரிவுல கத்தி அழற குழந்தையைப் பார்த்து நர்ஸுங்க அவ்வளவா பதற மாட்டாங்க. மூலையில அம்மா தோள்ல சத்தமில்லாம துவண்டு கிடக்குதே, அதைத்தான் ஓடிப்போய்ப் பார்ப்பாங்க. அழத் தெம்பில்லாத பிள்ளைக்கு யார் பால் கொடுக்கிறது?

தூக்கம்கெட்டவள்

படிச்சேன். வலிக்குது. ஆனா ஒண்ணு கேக்கறேன், பட்டியலை விட்டுட்டு எனக்குக் கொடுத்தது யாரு, நானா நீங்களா? எனக்கு அந்தப் பட்டியல் இருக்கிறதே தெரியாது. "கேன்சல் ஆனா சொல்லுங்க"ன்னு முதல் நாளே கேட்டேன், "அப்படியெல்லாம் சொல்ல முடியாது, நீங்களே கேட்டுட்டே இருங்க"ன்னாங்க. கேட்டுட்டே இருந்தேன். இப்போ குத்தவாளி நான்.

அவன் ரோடு கடக்கும்போது நடுவுல நின்னுட்டா? நாலு மாசம் அதை நினைச்சுக்கிட்டு எப்படி இருக்கிறது?

பல்லாங்குழி

இவ்ளோ கஷ்டம் எதுக்கு? எங்க சித்தப்பா மகன் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில வேலை. என் பொண்ணுக்கு ஒரே போன், மறுநாள் டேட். கூச்சமே இல்லை. பிள்ளைன்னு வந்துட்டா எவனும் யோக்கியன் கிடையாது.

தூக்கம்கெட்டவள்

அண்ணா, நான் போன் போட்டேன், நீங்க ஆள் பிடிச்சீங்க. ரெண்டும் ஒண்ணா?

மேசை எண் மூணு

என் ஸ்கிரீன்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வரவேண்டிய பேர் வராம, வேற ஒரு பேர் வரும்.

கரும்பலகை

நடுவுல வரதுக்கு மன்னிக்கணும், நான் டீச்சர். என் வகுப்பிலயும் இப்படி ஒரு பொண்ணு இருந்தா. "கனவு காணாதே"ன்னு ரெண்டு வருஷம் திட்டினேன். அவ அப்பா அம்மா லெட்டர் வாங்கறதுக்கு முன்னாடியே அந்த ரெண்டு வருஷம் போயிருச்சு. அதை எந்தப் பட்டியல்ல சேர்க்கிறதுன்னு தெரியலை.

ஒற்றைச் சிறகு

நான் பொதுவாக இங்கே எழுதுவதில்லை. மேசை எண் மூணு சொன்ன ‘அழாத பிள்ளை’யின் அப்பா நான்.

என் மகளுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது ஆரம்பித்தது. தூங்கி எழுந்ததும் தலை முன்னால் கவிழும், இரண்டு கையும் விரியும். ஒரு விநாடிதான். கும்பிட்டுக் கும்பிட்டு எழுவது போல இருக்கும். சில விநாடி விட்டு மறுபடி. அப்படிப் பத்துப் பன்னிரண்டு, நடுநடுவே ஒரு சிணுங்கல். "வயிற்று வலியாக இருக்கும், எல்லாக் குழந்தையும் திடுக்கிடும்" என்றார்கள். நாங்கள் வற்புறுத்திய பிறகு நிபுணருக்கு ஒரு லெட்டர் வந்தது. தேதி மூன்று மாதம் தள்ளி. சரி, பெரியவர்கள் பார்த்துத்தானே கொடுத்திருப்பார்கள் என்று காத்திருந்தோம்.

ஏழாவது வாரம் என் மனைவி சொன்னாள், "இவ சிரிச்சு எத்தனை நாள் ஆச்சு, கவனிச்சீங்களா?" நான் கவனிக்கவில்லை.

அந்த வாரம் தடுப்பூசி போடப் போன இடத்தில் இருந்த இளம் டாக்டரிடம் போனில் எடுத்த வீடியோவைக் காட்டினோம். முழுதாகக் கூடப் பார்க்கவில்லை. "இப்பவே அட்மிட் பண்ணணும், இது ஓ.பி.யில் காத்திருக்கிற விஷயம் இல்லை" என்றார். அன்றே இ.இ.ஜி. எடுத்தார்கள். வெஸ்ட் சிண்ட்ரோம். சிசுக்களுக்கு வரும் ஒரு வகை வலிப்பு. சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது என்று அப்போதுதான் தெரிந்தது. இப்போது அவளுக்கு நான்கு வயது. நடக்கிறாள். வார்த்தைகள் கொஞ்சம்தான்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். டபிள்யூ. ஜே. வெஸ்ட் இங்கிலாந்தில் ஒரு டாக்டர். தன் சொந்த மகனுக்கு வந்த இதே தலைகவிழ்தலை வர்ணித்து, 1841-ல் ‘லான்செட்’ மருத்துவப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். லண்டனில் பெரிய டாக்டர்களிடம் காட்டியும் பிள்ளை தேறவில்லை, வேறு யாராவது இதைப் பார்த்திருக்கிறீர்களா என்று ஊருக்கே கேட்கிற கடிதம். டாக்டரான அப்பனுக்கே அந்த நிலை.

மேசை எண் மூணு

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். இந்தக் குழந்தை வரிசையில் அமைதியா காத்திருக்கும்போது, போன் போட்டவங்க எல்லாம்...

ஒற்றைச் சிறகு

வேண்டாம். என்னை உங்கள் கட்சிக்குச் சாட்சியாக இழுக்காதீர்கள். அந்த ஏழு வாரத்தில் நானும் ஒரே ஒரு முறை போன் செய்தேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "லெட்டர்ல அவசரம்னு போடலையே சார்" என்றார். வைத்துவிட்டேன்.

இந்த அம்மாமேல் எனக்குக் கோபமே இல்லை. என் மகள் யாருடைய போன் அழைப்பாலும் பின்னுக்குப் போகவில்லை. பிறகு ஃபைலில் அந்த லெட்டரைப் பார்த்தேன். ஒரே வரி: ‘குழந்தை அவ்வப்போது திடுக்கிடுகிறது, பரிசோதிக்கவும்’. திடுக்கிடுகிறது என்ற அந்த ஒரு சொல்தான் அவளைக் கீழே போட்டது. கொத்துக் கொத்தாக வருகிறது, தூங்கி எழுந்ததும் வருகிறது என்று நாங்கள் வாயால் சொன்னது எதுவும் அதில் இல்லை.

குட்டி ஸ்டெத்

குழந்தைகள் நல மருத்துவத்தில் பயிற்சியில் இருக்கிறேன். ஒற்றைச் சிறகு அண்ணன் கை வைத்த இடம்தான் இடம். வரிசை, வரிசை என்கிறோமே, அது முதலில் வந்தவர் முதலில் என்ற வரிசை இல்லை. வாரம் ஒரு நாள் ஒரு சீனியர் உட்கார்ந்து கட்டுக்கட்டாக லெட்டர்களைப் பார்ப்பார். ஒரு லெட்டருக்கு ஒரு நிமிடம் கிடைத்தால் பெரிது. அதில் இருக்கிற சொற்களை வைத்துத்தான் இந்த வாரமா, இந்த மாதமா, நான்கு மாதமா என்று பிரியும். அதன் பிறகு நீங்கள் போடுகிற நூறு போனும் அந்த ஒரு நிமிடத்துக்கு ஈடாகாது.

எனவே போனை விட லெட்டருக்குச் சண்டை போடுங்கள். எத்தனை வயதில் தொடங்கியது, ஒரு நாளைக்கு எத்தனை முறை, எவ்வளவு நேரம், தூக்கத்திலா விழிப்பிலா, அந்த நேரத்தில் கூப்பிட்டால் தெரிகிறதா, வீடியோ இருக்கிறதா. எல்லாவற்றையும் விட முக்கியம், முன்பு செய்த ஏதாவது இப்போது நின்றுவிட்டதா என்பது. சிரிப்பு, உட்காருவது, பேச்சு. கற்றதை இழக்கிற குழந்தையை யாரும் நான்கு மாதம் காக்க வைக்க மாட்டார்கள், அது எழுதப்பட்டிருந்தால். எழுதாமல் விட்டிருந்தால் அப்பாயின்ட்மென்ட்டுக்காக உட்கார வேண்டாம், அவசரப் பிரிவுக்கே தூக்கிக்கொண்டு போங்கள்.

தூக்கம்கெட்டவள் அக்கா, நீங்கள் சொல்வதைக் கேட்டால் உங்கள் மகனுடையது ‘ஆப்சென்ஸ்’, அதாவது சில விநாடி நினைவு தப்பி நிற்கிற வலிப்பு வகை போலத் தெரிகிறது, உறுதியாகச் சொல்ல வேண்டியது உங்கள் டாக்டர்தான். பெரும்பாலும் 4 வயது முதல் 10 வயதுக்குள் தொடங்கும், மருந்துக்கு நன்றாகக் கேட்கும். தள்ளிப் போடலாம் என்று சொல்லவில்லை. ரோட்டில் கையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் தனியாக விடாமல் பார்த்துக்கொண்டால் சில வாரம் தாங்கும். என் சீனியர் கையில் இரண்டு லெட்டரும் ஒழுங்காக எழுதி வந்திருந்தால், முதலில் அந்தக் கைக்குழந்தையைத்தான் கூப்பிட்டிருப்பார்.

தூக்கம்கெட்டவள்

அதை ஒத்துக்கறேன். நானே கூப்பிட்டிருப்பேன்.

ஆறாம்விரல்

டாக்டர் தம்பி, கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா லெட்டர் எழுதறது நீங்க. கவரை ஒட்டித்தான் கையில கொடுக்கறீங்க, இல்லேன்னா கம்ப்யூட்டர்லயே அனுப்பிடறீங்க. உள்ளே என்ன இருக்குன்னு அப்பனுக்குத் தெரியாது. உங்க ஆளுங்க ஒரு வரி எழுதினதுக்கு நாங்க ஏன் பாடம் படிக்கணும்? கொத்து, விழிப்பு, கற்றதை இழத்தல்... இந்த வார்த்தையெல்லாம் பிள்ளை பெத்தவங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தா?

குட்டி ஸ்டெத்

நியாயம். பதில் இல்லை. ஆனால் சொல்லிக் கொடுத்த இடமும் உண்டு. பித்த நாளம் அடைபட்டுப் பிறக்கிற குழந்தைகள் உண்டு. மஞ்சள் காமாலை இரண்டு வாரம் தாண்டியும் போகாது, மலம் வெளுத்துப் போகும். அதற்கான ‘கசாய்’ என்ற அறுவை சிகிச்சையை 60 நாளைக்குள் செய்தால் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். பெற்றோர் வெளிர்மஞ்சள் என்பார்கள், டாக்டர் சரி என்பார், நாள் ஓடும். தைவானில் மலத்தின் நிறங்களை அச்சடித்த ஒரு அட்டையைக் குழந்தையின் சுகாதாரப் புத்தகத்திலேயே சேர்த்துவிட்டார்கள், 2004 முதல் நாடு முழுக்க. அம்மா அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். வார்த்தையே தேவையில்லை. அப்படிக் கண்டுபிடிப்பது அங்கே சீக்கிரமாகியது.

பல்லாங்குழி

அட்டை அடிக்கிற வரைக்கும் என் சித்தப்பா மகன் இருக்கான்.

ஒற்றைச் சிறகு

பல்லாங்குழி, எனக்கு அப்படி ஒருவர் இருந்திருந்தால் நானும் போன் செய்திருப்பேன். அதனால் உங்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இத்தனை அலட்சியமாகச் சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

மேசை எண் மூணு

ஒற்றைச் சிறகு சார், உங்களை இழுத்ததுக்கு மன்னிச்சுக்கோங்க. "லெட்டர்ல அவசரம்னு போடலையே சார்"... அதே வாக்கியத்தை நானும் ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்றேன். அடுத்து என்ன செய்யலாம்னு சொல்ல எங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலை. "லெட்டர் எழுதின டாக்டர்கிட்ட திரும்பப் போய், மாறுதலைச் சேர்த்து இன்னொரு லெட்டர் வாங்கி அனுப்புங்க"ன்னு ஒரு வரி சேர்த்துச் சொல்லலாம். எங்க இடத்துல புது லெட்டர் வந்தா டாக்டர் மறுபடி பார்ப்பாங்க. நாளையிலேருந்து சொல்றேன்.

ஆனா தூக்கம்கெட்டவள், உங்களை இன்னும் விடலை. ஒரு கேள்வி. நாலு மாசம்னு சொன்னதும் வேற ஆஸ்பத்திரியிலயும் ஒரு டேட் போட்டு வெச்சிருப்பீங்களே? எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க.

தூக்கம்கெட்டவள்

ம். போட்டிருந்தேன்.

மேசை எண் மூணு

கேன்சல் பண்ணியாச்சா?

கரும்பலகை

அக்கா?

தூக்கம்கெட்டவள்

இல்லை. மருந்து ஒத்துக்குதான்னு பார்க்கிற பதட்டத்துல மறந்தே போச்சு. அது அடுத்த செவ்வாய்.

மேசை எண் மூணு

அன்னிக்குக் காலையில ஒரு நிபுணர் உங்க பையன் பேரைக் கூப்பிட்டுட்டு, யாரும் வரலைன்னு அரை மணி நேரம் சும்மா உக்காந்திருப்பார். போன் போட்டு இடம் வாங்கினதை விட எனக்கு இதுதான் எரியும். இப்பவே பண்ணுங்க. செவ்வாய்க்கு ஆள் கூப்பிட இன்னும் நாள் இருக்கு.

தூக்கம்கெட்டவள்

பண்ணிட்டிருக்கேன். கேன்சல் பண்ணவும் அதே ஒரே நம்பர்தான். "உங்கள் அழைப்பு வரிசையில் 14-வது"ன்னு சொல்லுது. ஸ்பீக்கர்ல போட்டுட்டு உக்காந்திருக்கேன். பக்கத்துல இவன் எழுதிட்டிருக்கான், அரைப் பக்கம் ஆச்சு, இதுவரைக்கும் கோடு எதுவும் வழுக்கலை.

13.