ஜப்பான் பழைய வீடு: களஞ்சியச் சுவருக்கு சிமென்ட் பூசலாமா?

அல்சூர் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். நான் பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். என் மருமகன் ஜப்பான்காரர், நாகானோ மலைப்பக்கம் அவருடைய பாட்டி வீடு எட்டு வருடமாகப் பூட்டிக் கிடந்து இப்போது மகள் குடும்பத்தின் கைக்கு வந்திருக்கிறது. இந்த மாதிரி பழைய மரவீட்டை அங்கே கொமின்கா என்கிறார்கள். கூடவே ஒரு சாமான் கொட்டகை, தடித்த மண்சுவர் வைத்த ஒரு களஞ்சியம், அதற்குப் பேர் குரா. போன மாதம் போய்ப் பார்த்தேன். குராவின் வடக்குச் சுவரில் வெள்ளைப் பூச்சு முறம் அகலத்துக்குப் பெயர்ந்து, உள்ளே மண்ணும் வைக்கோலும் மூங்கில் தப்பையும் தெரிகிறது. வீட்டுக்குள் ஒரு தூணின் அடியைச் சாவியால் குத்தினால் ஊறின ரஸ்க்கில் இறங்குவது போல் இறங்குகிறது. பார்க்க வந்த கான்ட்ராக்டர் குராவுக்கு சிமென்ட் பூசிவிடலாம், கறுத்த உத்தரங்களை இழைத்து பாலிஷ் போடலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. காரைக்குடியில் அம்மா வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் பூசின சிமென்ட் பாளம் பாளமாக விழுந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். முதலில் எதைச் செய்யச் சொல்லட்டும்?

ஜெயநகர் கொத்து வேலை:
அம்மா, சிமென்ட் வேண்டவே வேண்டாம். மண்சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட்டால் உள்ளே வைக்கோல் மக்கும், அப்புறம் அங்கே பனிக்காலம் வேறு, தங்கின ஈரம் உறைந்து பூச்சையே வெளியே தள்ளிவிடும். குரா கட்டினதே தீக்குப் பயந்துதான். பக்கத்து மரவீடு எரிந்தாலும் தானியமும் பத்திரமும் பட்டும் பிழைக்க வேண்டும் என்று மண்ணை அடுக்கடுக்காக அப்பி, ஒவ்வொரு அடுக்கையும் காயவிட்டு, ஒரு அடி கனம் வரைகூடக் கொண்டுபோவார்கள். மேல் பூச்சுக்குப் பேர் ஷிக்குய்: சுண்ணாம்பு, நார், கடல்பாசியைக் காய்ச்சி எடுத்த பசை. நம்மூரில் கடுக்காய்த் தண்ணீர் விடுவோமே, அங்கே பாசிப்பசை. பூச்சு சட்டென்று காயாமல் கரண்டிக்கு இழைந்து வருவது அதனால்தான்.

சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள், உள்ளே வெற்றாக இருப்பது போல் சத்தம் வரும் இடத்தைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டு அதை மட்டும் பெயர்த்தால் போதும். விழுந்த மண்ணைக் கொட்டிவிடாதீர்கள்! ஊறவைத்து, புது வைக்கோல் சேர்த்து மிதித்து, அதே சுவருக்குப் பூசலாம். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: வடக்குச் சுவர் மட்டும் ஏன் போச்சு? நேர் மேலே கூரை ஓடுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். கூரை ஒழுகும்போது சுவரைத் தொடுவது காசைக் கரைக்கிற வேலை.

ஒயிட்ஃபீல்டு வாசி:
ஜப்பானில் ஆறு வருடம் இருந்தேன், நண்பர் ஒருவருடைய கொமின்காவில் லீவு நாளெல்லாம் வேலை செய்திருக்கிறேன். அந்தக் கறுப்பை இழைக்க விடாதீர்கள் அம்மா. தரையில் குழி வைத்த அடுப்பு, இரோரி, அதில் பல தலைமுறை எரிந்த புகை அது. பூச்சி அண்டாமல் மரத்தைக் காத்ததே அந்தப் புகைதான். பழைய துணியை நன்றாகப் பிழிந்து துடைத்தாலே ஒரு பழுப்பு மினுமினுப்பு வரும்.

தூணை முழுசாக மாற்ற வேண்டாம். ஜாக்கி வைத்துத் தூக்கி, மக்கின அடியை மட்டும் அறுத்து, புது மரத்தைக் கொக்கி மாதிரி கோத்துச் சேர்ப்பார்கள், நெட்சுகி என்று பேர். இது கோயில் வேலை தெரிந்த ஆசாரியின் வேலை, சாதாரண கான்ட்ராக்டரிடம் கொடுக்காதீர்கள். கொட்டகையைப் பிரிக்கிற எண்ணம் இருந்தால் அதன் மரத்தை விறகாக்காமல் எடுத்து வையுங்கள், காய்ந்து முறுகின மரம் இதற்கெல்லாம் உதவும்.

அப்புறம் நிலநடுக்கம். அங்கே 1981 ஜூனில் விதி கடுமையானது. அதற்கு முன் கட்டின மரவீட்டைச் சோதிக்கப் பல நகராட்சிகள் உதவிப் பணம் தருகின்றன, ஆனால் வேலை தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து இரண்டு மாடி மரவீட்டில் பெரிய பழுது வேலைக்கு அனுமதியும் வாங்க வேண்டும், அதையும் மருமகனைக் கேட்கச் சொல்லுங்கள்.

அல்சூர் அம்மா:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இப்போதுதான் மகள் வீடியோ காலில் காட்டினாள். வடக்கே மூன்று ஓடு சரிந்து கிடக்கிறது, கீழே மழைநீர்த் தகரம் ஒடிந்து தண்ணீர் சுவரிலேயே இறங்குகிறது. விழுந்த மண்ணைச் சாக்கில் கட்டி வைக்கச் சொல்லிவிட்டேன்.