ஹைலக்ஸ் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்: வீட்டிலேயே மாற்றலாமா?

நிலைக்கதவு (காரைக்குடி)

எங்களுக்குப் பழைய மரச்சாமான் வியாபாரம். பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் வீடு பிரித்தால் கதவு, தூண், பெட்டகம் எடுத்து விற்போம். வண்டி டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், ஆட்டோமேட்டிக், 2022-ல் எடுத்தது, 84,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. மாதம் இரண்டு தடவையாவது வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறும். பர்மா தேக்குக் கதவின் கனம் இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு வாரமாகக் காலையில் ரிவர்ஸ் போட்டால் ஒரு கணம் சும்மா நின்றுவிட்டு, அப்புறம் ‘டக்’கென்று இழுக்கிறது. ஒரு பட்டறையில் “இது ஆயுசுக்கும் போட்ட ஆயில், தொடவே கூடாது” என்றார்கள். இன்னொருவர், “மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும்” என்று பயமுறுத்தினார்.

எஞ்சின் ஆயில் நானே மாற்றிப் பழக்கம். ஆனால் இதில் டிப்ஸ்டிக்கே இல்லை. அளவை எப்படிப் பார்ப்பது? பின்கட்டில் சிமென்ட் தரை இருக்கிறது, அங்கேதான் செய்ய வேண்டும். முகப்புப் பக்கம் ஆத்தங்குடிக் கல். ஒரு சொட்டு விழுந்தாலும் ஆச்சி விடமாட்டார்கள். அந்தக் கல் எண்ணெயைக் குடித்துவிட்டால் கறை லேசில் போகாது என்பதால் எனக்கும் அதில் மனமில்லை.

மஸ்கட் மெக்கானிக் (தேவகோட்டை)

தம்பி, தாராளமாகச் செய்யலாம். பதினாலு வருஷம் மஸ்கட்டில் இந்த வண்டிகளுக்கு அடியில்தான் படுத்துக் கிடந்தேன்.

ஆயுசுக்கும் ஓடும் ஆயில் என்று எதுவும் கிடையாது. சூடுதான் அதைக் கெடுக்கிறது. லோடோடு மலை ஏறும்போது, எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டருக்குள் ஆயில் கடையப்பட்டு கொதியாய்க் கொதிக்கும். உங்கள் வண்டி மாதம் இரண்டு தடவை அந்த வேலையைச் செய்கிறது.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வையுங்கள்: ஆயிலின் சூடு. டிப்ஸ்டிக்குக்குப் பதிலாக கியர்பாக்ஸின் அடித்தட்டில் ஒரு செக் பிளக் (அளவு பார்க்கும் திருகு மூடி) இருக்கிறது. அதற்குள் ஒரு சின்னக் குழாய் நிற்கும். நம் வீட்டுத் தொட்டியில் நிரம்பி வழியும் குழாய் மாதிரிதான். ஆயில் அந்த உயரத்தைத் தாண்டினால் வழியும், தாண்டாவிட்டால் வராது. ஆனால் ஆயில் சூடேறினால் விரியும். 40 டிகிரியை ஒட்டிப் பார்க்க வேண்டியதை 90 டிகிரியில் திறந்தால், உள்ளே இருக்க வேண்டிய ஆயிலும் சேர்ந்து வழிந்துவிடும். ஆறிய பிறகு குறைவாக நிற்கும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2009-ல் ஒரு வண்டி ஓடி வந்த சூட்டோடு பிளக்கைத் திறந்து, சொட்டுச் சொட்டாய் வந்ததும் மூடி அனுப்பினேன். மூன்றாம் நாள் மலை ஏற்றத்தில் கியர் வழுக்கி வண்டி நின்றுவிட்டது. குடும்பத்தோடு போனவர். அந்த மனுஷனின் முகம் இன்னும் கண்ணில் இருக்கிறது.

நம் ஊர் சித்திரை, வைகாசி வெயிலில் மதியம் நிழலில் நிற்கிற வண்டியிலேயே ஆயில் 38, 39-க்கு வந்துவிடும். ஸ்டார்ட் பண்ணின கொஞ்ச நேரத்தில் சூடு 40-ஐத் தாண்டிவிடும். அதனால் முதல் நாள் ராத்திரியே வண்டியை நிறுத்திவிட்டு, விடியுமுன் ஆரம்பியுங்கள். சூடு பார்க்க, வண்டியில் செருகி அதன் கம்ப்யூட்டர் சொல்வதைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்று வாங்கிவிடுங்கள், கையால் தொட்டுப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

நாலு சக்கரமும் ஒரே மட்டத்தில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, ஆப்புக்கட்டை வைக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது. கொத்தனார் ரசமட்டத்தைச் சேசிஸில் நெடுக்கும் குறுக்கும் வைத்துப் பாருங்கள்.

முதலில் பக்கவாட்டில் இருக்கும் ஊற்றும் பிளக்கைக் கழற்றுங்கள். அது அசைந்த பிறகுதான் கீழே வடிக்கிற பிளக். மாற்றிச் செய்து, மேல் பிளக் துருப்பிடித்து இறுகியிருந்தால், ஆயில் இல்லாத வண்டியோடு உட்கார வேண்டியதுதான். வடிந்ததை அளந்து, அதே அளவு புது ஆயில் ஊற்றுங்கள். டபிள்யூஎஸ் (WS) என்று போட்டிருக்கும் டொயோட்டா வகை ஆயில் மட்டும். வேறு வகையைக் கலக்க வேண்டாம். பிறகு ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி கியர் லீவரை பி, ஆர், என், டி ஒவ்வொன்றிலும் சில நொடி நிறுத்தி, மறுபடி பி. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 40-ஐ ஒட்டி வந்ததும் செக் பிளக்கைத் திறங்கள். நூல் மாதிரி வந்து சொட்டாய் மாறினால் புது வாஷர் போட்டு மூடுங்கள். ஒன்றுமே வராவிட்டால் இன்னும் ஊற்ற வேண்டும்.

பள்ளத்தூர்க்காரி

அண்ணன் சொன்னதோடு ஒன்று. ஒரு தடவை வடித்தால் முழுதும் வராது. கன்வர்ட்டரிலும், ஆயிலை ஆற்றும் கூலரிலும் நிறைய தங்கிவிடும். பாதிக்கும் குறைவாக, 40 சதவீதம் வருகிறது என்று வையுங்கள். மூன்று தடவை மாற்றினால் பழசு 60, 36, 22 என்று இறங்கும். நடுநடுவே சில நூறு கிலோமீட்டர் ஓட்டிக்கொள்ளலாம். என் வண்டிக்கு இப்படித்தான் செய்தேன்.

வடித்த ஆயிலை ஊருணிப் பக்கமோ வாய்க்காலிலோ கொட்டிவிடாதீர்கள். கேனில் அடைத்துப் பழைய ஆயில் எடுக்கிறவர்களிடம் கொடுங்கள். தரையில் சிந்தினால் உமி போட்டு அள்ளலாம்.

மஸ்கட் மெக்கானிக் (தேவகோட்டை)

தங்கச்சி சொன்ன கணக்கு சரி. தம்பி, “மாற்றினால் போய்விடும்” என்றவருக்கும் பதில் சொல்ல வேண்டும். உள்ளே கிளட்ச் ஏற்கெனவே கருகித் தேய்ந்த கியர்பாக்ஸை ஆயில் காப்பாற்றாது. பழி மட்டும் புது ஆயில் மேல் விழும். அதனால் வடிந்ததை வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பழுப்பு பரவாயில்லை. கறுத்துக் கருகல் வாடை அடித்தாலோ, விரலில் தேய்க்கும்போது உலோகச் சீவல் தட்டுப்பட்டாலோ புதுசை ஊற்றாமல் எனக்கு எழுதுங்கள்.

நிலைக்கதவு (காரைக்குடி)

அண்ணே, இன்று செய்துவிட்டேன். நாலரை மணிக்கு ஸ்கேனர் 29 டிகிரி காட்டியது. மேல் பிளக் ரொம்ப இறுக்கம். முதல் நாளே துரு எண்ணெய் அடித்து வைத்ததால் அசைந்தது. வடிந்தது மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் மேல். கருப்பட்டிக் காப்பி நிறம், வாடை இல்லை, சீவலும் இல்லை. 41-ல் திறந்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே சிவப்பாய் நூல் பிடித்து வந்து, அரை நிமிஷத்தில் சொட்டாகிவிட்டது.

ரிவர்ஸில் அந்த ‘டக்’ குறைந்திருக்கிறது, முழுசாய்ப் போகவில்லை. அடுத்த கொடைக்கானல் லோடு முடிந்ததும் இரண்டாவது தடவை வடிக்கிறேன்.